முதுகைக் காட்டி நின்ற டீச்சர்

1991-ஆம் வருஷம், புரட்டாசி மாதம். பிள்ளைப்பாக்கம் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் எடை போடுகிற வேலை எனக்கு. இப்போது அந்த இடத்தில் கம்பெனி வந்துவிட்டது. வாசலில் ஷிப்ட் பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. அப்போது நெல் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் நிற்கும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுகிறார். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் ஒரு பால்வாடி டீச்சர் இருந்தார். பால் பவுடர் கரைத்துக் கொடுத்த காலத்திலிருந்தே பிள்ளைகளுக்காக ஓடிக்கொண்டிருந்தவர். செங்கல் சூளைக்குப் போன பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து பள்ளிக்கூடத்தில் உட்கார வைப்பார். ஒருமுறை சத்துமாவு வண்டி வரவில்லை என்று பன்னிரண்டு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே இருந்த அதிகாரி சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரமுடியவில்லை. மறுநாள் வண்டி வந்தது.

மாதத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடத்துப் புளியமரத்தில் கொக்கித் தராசு ஒன்றைத் தொங்கவிடுவார். பிள்ளைகளை ஒரு பையில் உட்காரவைத்து எடை பார்த்து, அட்டையில் கோடு இழுப்பார். கோடு கீழே இறங்கினால் அன்று சாயங்காலமே அந்த வீட்டு வாசலில் நிற்பார்.

இனி என் கதை. எங்களுக்கு முதல் குழந்தை பிறந்து ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. இரண்டாவது ஆண் பிள்ளை. நல்ல புஷ்டியான பையன். அவனைத் தராசில் உட்காரவைத்த டீச்சர், சுற்றி நின்ற தாய்மாரிடம், "இந்த மாசம் நம்ம ஊருக்கே இவன்தாண்டி ராஜா!" என்று சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு இருபது நாள்தான். காய்ச்சல் வந்தது, போய்விட்டான்.

எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அடுத்த எடை நாளில் நேரே மரத்தடிக்குப் போனேன். அந்த டீச்சருக்குக் குழந்தை கிடையாது. வீட்டுக்காரர் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். அது தெரிந்தேதான் கேட்டேன். "உனுக்கு ஒண்ணு இல்லன்னு என் புள்ளைய உன் கண்ணு தின்னுடுச்சே!" ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. டீச்சர் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டார்.

மூன்றாவதாக ஒரு பெண் குழந்தை. இதுவாவது தங்கட்டும் என்று குப்பைமேட்டில் போட்டு எடுத்தோம், மூக்குக் குத்தினோம், அதற்கேற்ற மாதிரி ஒரு பெயரும் வைத்தோம். டீச்சர் கண்ணில் மட்டும் காட்டவே இல்லை. அவரோ மாதாமாதம் எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் வந்து, "கொழந்த எப்படிம்மா கீது?" என்று என் மனைவியைக் கேட்பார். உள்ளேயிருந்து நான் இருமுவேன். போய்விடுவார்.

அந்தப் புரட்டாசியில் டீச்சருக்கு ரிடையர்மென்ட். கடைசி நாள் மூன்று மணிக்கு விழா என்று ஊரே பேசியது. பள்ளிக்கூடத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். நான் போவதாக இல்லை. காலையில் மில்லில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது டீச்சர் உள்ளே வந்தார். பத்தடி பின்னால் இடுப்பில் குழந்தையோடு என் மனைவி.

"இன்னையோட நான் கெளம்புறம்பா. இந்த ஊர்ல நான் எடை பாக்காத கொழந்த இது ஒண்ணுதான்" என்றார்.

"அது ஒண்ணாச்சும் அப்படியே இருக்கட்டும் டீச்சர்."

மூட்டை தூக்குகிற ஆள் ஒருவன் சிரித்தான். "இன்னாண்ணே, ஊரு மூட்டைய எல்லாம் எடை போட்டுகினு கீற, உன் பொண்ணுன்னா மட்டும் உதறுதா?"

நான் அவனை முறைத்தேன். டீச்சர் அமைதியாகச் சொன்னார்: "நான் தொடல, பாக்கவும் மாட்டேன். உன் தராசு, உன் கல்லு, உன் கை. நான் அந்தாண்ட திரும்பி நின்னுக்கறேன். எவ்ளோன்னு மட்டும் சொல்லு, போதும்."

சொன்னபடியே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டார். விழாவுக்காகப் புதுச் சேலை கட்டியிருந்தார். முதுகு முழுக்கத் தவிட்டுத் தூசி படிந்தது. அசையவில்லை.

"நீ போடுறியா, நான் போடட்டுமா?" என்றாள் என் மனைவி. அதுவரைக்கும் அவள் என்னிடம் குரல் உயர்த்திப் பேசியதில்லை.

தராசுத் தட்டில் சாக்கை விரித்துக் குழந்தையை உட்காரவைத்தேன். இரண்டரை வயது முடிந்திருந்தது. எந்தக் கணக்கில் வைத்தேனோ, பத்துக் கிலோ கல்லைத்தான் முதலில் வைத்தேன். குழந்தை இருந்த தட்டு சட்டென்று மேலே ஏறியது. ஊஞ்சல் என்று நினைத்து அது சிரித்தது. பத்தை எடுத்துவிட்டு அஞ்சை வைத்தேன், கூட இரண்டை வைத்தேன். முள் நேராக நின்றது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். தராசு மேல் சந்தேகம் வந்தால் தட்டை மாற்றிப் போட்டுப் பார்ப்போம். கல் இருந்த தட்டில் குழந்தை, குழந்தை இருந்த தட்டில் கல். மாற்றினேன். மறுபடியும் அதே ஏழுதான். கால் கிலோ குறைந்தாலே நெல்காரனிடம் சண்டைக்கு நிற்பவன் நான். தினமும் தூக்கிக் கொஞ்சுகிற பிள்ளை இளைத்தது என் கைக்குத் தெரியவில்லையே! குச்சி உடம்பு, எங்கம்மா வாகு என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எவ்ளோப்பா?" என்றார் டீச்சர், சுவரைப் பார்த்தபடியே.

வாய் கூசாமல், "ஒம்போது" என்றேன்.

"கல்லு சத்தத்துலயே தெரியுதுப்பா. பத்த வச்ச, எடுத்துட்ட. அஞ்சு வச்ச. அப்புறம் ரெண்டு. தட்ட மாத்துன. அதுக்கு மேல புதுசா கல்லு சத்தமே கேக்கலியே" என்றார். பிறகு அவரே, "பத்துக்கு மேல இருக்கணும். சாயங்காலமானா ஒடம்பு கணகணன்னு கீதுன்னு உன் பொஞ்சாதி சொல்லுது. கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார்.

காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறினோம். டீச்சர் எங்களுக்கு முன்சீட்டில் உட்கார்ந்து, வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார். குழந்தை அவர் கொண்டையைப் பிடித்து இழுத்தது. அப்போதும் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கினார், வரிசையில் இடம் பிடித்தார், டாக்டரிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார். முகம் மட்டும் வேறு பக்கம்.

மணி இரண்டு ஆனது. "டீச்சர், மூணு மணிக்கு உங்களுக்கு விழா" என்றேன்.

"விழா கெடக்குது. எக்ஸ்ரே ரூம மூடிடப் போறாங்க, அத்த பாரு."

பிரைமரி காம்ப்ளக்ஸ் என்றார்கள், சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற டி.பி. ஆறு மாதம் ஒரு நாள் தவறாமல் மருந்து கொடுக்கவேண்டும். டாக்டர், "இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்து, என் மனைவி முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நாங்கள் ஊர் வந்து இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. சாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரிகள் பேசிவிட்டுப் போய்விட்டார்கள். மரத்தடியில் ஒரு நாற்காலி, அதன்மேல் ஒரு ரோஜா மாலை. பால்வாடியில் சமையல் செய்கிற அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தார். "எங்க டீச்சர் பூட்ட? உன்னப் பத்தி ஒரு மணி நேரம் பேசுனாங்க. நீ இல்லாததால தைரியமா புகழ்ந்தாங்க!"

"அதான் வரல. கேசரி மிச்சம் கீதா?" என்று டீச்சர் சிரித்தார்.

பஸ் வந்த சத்தம் கேட்டுப் பெண்கள் ஒரு பத்துப் பேர் கூடிவிட்டார்கள். மாலையை எடுத்து அவர்களே டீச்சர் கழுத்தில் போட்டு, நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நான் அன்றைக்குக் கத்தியதும் அதே மரத்தடிதான். குழந்தையை வாங்கி டீச்சர் மடியில் வைத்தேன். அப்போதும் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வேணாம்பா. நாளைக்கு ஒண்ணுன்னா உன் மனசு கேக்காது."

"பாருங்க டீச்சர். அன்னிக்கு நான் சொன்னது தப்பு. தோ, எல்லாரும் கேட்டுக்குங்க, நான் சொன்னது தப்பு. கண்ணு நெறைய பாருங்க."

டீச்சர் மெல்ல நிமிர்ந்து பார்த்தார். குழந்தை மாலையிலிருந்து ரோஜா இதழைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தது. "மூக்குத்தி எம்மாம் அழகா கீதுடி உனுக்கு!" என்று சொன்னவர், சட்டென்று பயந்துபோய்த் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

என் மனைவி அழுதுகொண்டே அந்தக் கையை விலக்கிவிட்டாள். "சொல்லு டீச்சர், இன்னும் சொல்லு" என்றாள்.

வேலை முடிந்து சொந்த ஊருக்குப் போய்விட்டாலும் டீச்சர் விடவில்லை. ஆறு மாதமும் பஸ் பிடித்து வந்து, மருந்து பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் போவார். இப்போது அவர் இல்லை. அந்தக் குழந்தை ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். இன்றைக்கு லீவு என்பதால், நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது அவள்தான். குப்பைமேட்டுப் பெயரை மட்டும் எழுதமாட்டேன் என்கிறாள்.

அவள் பையனைப் பார்த்து யாராவது கொழுகொழுவென்று இருக்கிறான் என்று சொன்னால் என் மனைவி இன்றைக்கும் உப்பு சுற்றித்தான் போடுகிறாள். நான் தடுப்பதில்லை. ஆனால் சொன்னவரிடம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் இல்லை. ஒரு பிள்ளை பிழைக்கவேண்டும் என்பதற்காகவே அதைப் பார்க்காமல் ஒரு நாள் முழுக்கக் கூடவே வந்த கண்களை நான் பார்த்திருக்கிறேன்.