வலது கால் எடுப்பதற்கு முதல்நாள், கீரிமலைக் கற்பள்ளத்தில்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை என் மாமா தொலைபேசி எடுத்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. சண்டிலிப்பாயில் இருக்கிறார், வயது எழுபத்தாறு.

"திங்கள் காலமை என்ரை வலது காலை முழங்காலுக்குக் கீழை எடுக்கினமாம். ஞாயிறு நாலு மணிக்கு முதல் ஆஸ்பத்திரி வாட்டிலை நிக்க வேணும். நீ ஞாயிறு விடிய வா. கிக்கர் அடிக்க ஒராள் வேணும்."

சீனி வருத்தப் புண் கால்விரல்களில் தொடங்கி மேலே ஏறிவிட்டது. ஆறுதல் சொல்ல வாய் எடுத்தேன். அவர் அதற்குள் வைத்துவிட்டார்.

கிக்கர் என்றது அவருடைய மோட்டார் சைக்கிளின் உதைகோல். பேர்மிங்காமில் செய்த 350 சிசி ஒற்றைச் சிலிண்டர் வண்டி, மாமாவை விட இரண்டு வயது மட்டும் இளையது. எழுபதுகளின் தொடக்கத்தில் மாமாவும் இன்னும் ஐந்து பேரும் இந்த வகை வண்டிகளில் கீரிமலைப் பக்கத்துக் கற்பள்ளத்தில் 'ட்ரயல்ஸ்' ஓடியவர்கள். இது யார் முந்துவது என்ற பந்தயம் இல்லை. கல்லும் பள்ளமுமான ஒரு துண்டுப் பாதையை நடை வேகத்தில், கால் நிலத்தில் படாமல் கடக்க வேண்டும். கால் ஊன்றினால் ஒரு குறைப்புள்ளி. விழுந்தாலோ, வண்டி நின்றாலோ, வேறு யாரும் தொட்டாலோ ஐந்து. பூச்சியம் எடுப்பவர்தான் கெட்டிக்காரர். நானும் பள்ளிக்கூடத்தில் நிறையப் பூச்சியம் எடுத்தவன். ஒருவரும் கை தட்டவில்லை.

ஆறு பேரில் நால்வர் காலமாகிவிட்டார்கள். நீர்வேலி வாழைத்தோட்டக்காரர் ஒருவர் கனடாவில் இருக்கிறார், அவருக்கு இப்போது சொந்தப் பெயரே நினைவில்லையாம். மிச்சம் மாமாதான்.

வவுனியாவில் காலை 4.45க்குத் தனியார் பேருந்து. 620 ரூபா, யாழ்ப்பாணத்தில் இறங்க 8.20. அங்கிருந்து சண்டிலிப்பாய் 11 கிலோமீற்றர், ஓட்டோவுக்கு 1,300 ரூபா. (மானிப்பாய் வழியாகப் பேருந்தும் உண்டு. நான் அவசரத்தில் போனேன்.)

வண்டியை ஏற்ற மாமா சிறிய லொறி ஒன்று பிடித்து வைத்திருந்தார், போய்வர 4,500 ரூபா. சாரதி மாமாவின் காலில் சுற்றியிருந்த கட்டைப் பார்த்துவிட்டு என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார்.

"அண்ணை, உந்த ஐயாவோ ஓடப்போறார்? நீங்கள் இல்லையோ?"

"எனக்கு உது ஓடத் தெரியாது தம்பி."

"அப்ப திரும்பி வரேக்கை வீட்டையோ, ஆஸ்பத்திரிக்கோ எண்டு இப்பவே சொல்லிப்போடுங்கோ."

முன் சீற்றில் இருந்த மாமிக்கு அது கேட்டுவிட்டது. "ரெண்டும்தான் தம்பி, நாலு மணிக்கு முதல்" என்றார். மடியில் ஒரு கொப்பியும் குடையும் வைத்திருந்தார். அந்தக் காலத்தில் மாமிதான் பள்ளத்தில் நின்று புள்ளி போட்டவர். ஓடிய ஒருவரின் தங்கச்சி. மாமாவுக்கு முதல்முதலாக ஐந்து போட்டவரும் அவர்தான், பிறகு அவரையே கட்டினார்.

பண்டத்தரிப்பு, இளவாலை வழியாகப் பத்துக் கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. அந்தக் காணிகள் நீண்ட காலம் இராணுவத்தின் முள்ளுக்கம்பிக்குள் கிடந்தவை. மாமா பள்ளத்தைப் பார்த்து முப்பது வருடத்துக்கு மேல். விளிம்பில் நின்று, "கல்லுகள் அப்பிடியே கிடக்குது" என்றார்.

மாமி பாதையை நடந்து பார்த்து, முடியும் இடத்தில் இரண்டு பனைமட்டைகளை நட்டார். நான் கிக்கர் அடித்தேன். மூன்றாம் தரம் அது திருப்பி அடித்து என் கணைக்காலைப் பெயர்த்தது.

"உதைக்கச் சொன்னால் தடவுறாய். மாட்டுக்கோ நலம் விசாரிக்கிறாய்?" என்றார் மாமா.

பதினோராம் உதையில் பற்றியது. மாமாவைத் தூக்கி ஏற்றினோம். பழைய இங்கிலாந்து வண்டிகளில் கிக்கரைப் போலக் கியரும் வலது பக்கம்தான். கட்டுப் போட்ட காலால் முதல் கியரைத் தட்டும்போது அவருடைய முகம் கோணியது. பிறகு மிதிகட்டைகளில் எழுந்து நின்றார்.

நான் அதுவரை பார்த்த மாமா கதிரையிலிருந்து எழும்ப இரண்டு பேரைக் கூப்பிடுகிறவர். இவர் வேறு ஆள். முதல் கல்லில் ஏறி இறங்கினார். பாறையைச் சுற்றும் வளைவில் வண்டி ஒரு பக்கம், உடம்பு மறுபக்கம். இயந்திரம் டொக், டொக் என்று ஆட்டுக்கல் வேகத்தில் கதைத்தது. மாமி குடையை மடக்கிவிட்டார்.

கடைசிக் கல்லில் முன் சில்லு வழுக்கியது. வண்டி வலது பக்கம் சரிந்தது. கட்டுப் போட்ட கால் மிதிகட்டையை விட்டு வெளியே வந்தது. அந்தக் காலைக் கல்லில் ஊன்றப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை, நினைக்கவே இல்லை. பாய்ந்து கைபிடியைப் பிடித்துவிட்டேன்.

இயந்திரம் நின்றது.

"ஏன் தொட்டனீ?" மாமா கத்தவில்லை.

"விழப் போனியள், மாமா."

"விழேல்லையடா. வண்டியை நிமித்தத்தான் காலை எறிஞ்சனான்." மாமியைத் திரும்பிப் பார்த்தார். "இஞ்சரும், எவ்வளவு?"

"அஞ்சு."

"மாமி, என்ரை பிழைதானே. பூச்சியம் போடுங்கோவன்" என்று கெஞ்சினேன்.

"நான் பொய்யாய்ப் போட்டால் அவர் எதை நம்புறது?" என்றார் மாமி. கொப்பியை விரித்து ஐந்து என்று எழுதினார்.

இன்னொரு தரம் ஓடலாமே என்று நான் சொல்லத் தொடங்கும்போது மாமாவின் கால் கட்டுத்துணியில் சிவப்பு ஊறுவதைக் கண்டோம். மாமி பார்த்தார். மாமாவும் குனிந்து பார்த்தார். "சரி, ஏத்துங்கோ" என்றார். மூன்றரைக்கு வாட்டில் இருந்தோம்.

என் மகள் சைக்கிள் பழகியது பக்கத்து வீட்டு முற்றத்தில். நான் பழக்கினால் சீற்றை விடவே மாட்டேன் என்று அங்கே போனாள். அதை இவ்வளவு காலமும் பகிடியாகத்தான் எல்லாருக்கும் சொல்லி வந்தேன்.

செவ்வாய்க்கிழமை பார்க்கப் போனேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. மன்னிப்புக் கேட்க வசனம் எல்லாம் கட்டிக்கொண்டு போனவன், "சாப்பிட்டியளோ மாமா?" என்று கேட்டேன். "ஓம்" என்றார். பிறகு, "நீ வராட்டில் வண்டி ஸ்ராட் வந்திராது" என்றார். ஏசியிருந்தால் நான் நிம்மதியாக வவுனியாவுக்குத் திரும்பியிருப்பேன்.

போகிறவர்களுக்கு: பள்ளத்தில் நிழல் இல்லை. ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், தொப்பி, தடித்த சப்பாத்து வேண்டும். மழைக்குப் பிறகு அடியில் தண்ணீர் நிற்கும், போகாதீர்கள். பிரதான வீதியிலிருந்து மண்பாதை 700 மீற்றர், சிறிய லொறி போகும். காலை ஒன்பதுக்கு முதல் போவது நல்லது. ஓடுகிற ஒருவருடன் போகிறீர்களென்றால் கைகள் இரண்டையும் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிறு, மாமாவை லொறியில் ஏற்றிய பிறகு, மட்டைகளைப் பிடுங்கி வருகிறேன் என்று நான் தனியே திரும்பிப் போனேன். பாதத்தால் அளந்து பார்த்தேன். தொடக்கத்திலிருந்து முடிவு வரை நாற்பத்தாறு அடி. நான் கைபிடியைப் பிடித்த இடத்திலிருந்து மட்டை வரை இரண்டரை அடி. மாமாவுக்கு இதை நான் சொல்லவில்லை.