நிற்காத தரை

ஆழ்கடல் மீன்பிடி போட்டில் போய்வருகிறவர்களுக்குக் கரை இறங்கியதும் தரை ஆடும். அதை நோயென்று யாரும் எண்ணுவதில்லை. சோறு தின்று ஒரு தூக்கம் போட்டால் நின்றுவிடும். சாய்ந்தமருதுக் காலிதீன் மீசை முளைக்கும் முன்பே கடலுக்குப் போனவர். இப்போது போட்டின் தண்டையல், சுக்கான் அவர் கையில். அதனால்தான் அன்று ஒலுவில் துறைமுகத்தில் இறங்கியதும் கால் பின்னியபோது சிரித்தார்.

"காக்காக்குக் கடல விட்டு வர மனமில்ல போல," என்றான், அவரை அண்ணன் முறையில் அழைக்கும் என்ஜின்காரன் றம்ஸீன். "பொஞ்சாதிட முகத்தப் பார்த்தா ஆட்டம் நிண்டிரும்."

"பொத்துடா வாய. உனக்கு முடிச்சுத் தர இன்னம் ஒரு பொண்ணக் காணல்ல, நீ கதைக்கிறாய்."

வீட்டில் தின்ற சோறு முழுவதும் வெளியே வந்தது. பிடரி வலித்தது. கூரை ஓடுகள் ஒருபக்கமாக நகர்ந்து, வெட்டி இழுத்தாற்போல் திரும்பி, மறுபடி நகர்ந்தன. கண்ணை மூடினால் கட்டிலே சுழன்றது. படுத்த பிறகும் ஆடுவது அவருக்குப் புதிது. ஆனாலும் சொல்லவில்லை.

மறுநாள் காலை தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்யப் போனவர் கிணற்றடியில் வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தார். தூக்க வந்த மனைவி நஸீறா அவர் முகத்தைப் பார்த்துத் திகைத்தாள்.

"இஞ்ச பாருங்க, கண் என்ன இப்பிடித் துடிக்குது? ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"தரை ஆடுறதுக்கு ஆஸ்பத்திரியா? தண்டையலுக்குத் தல சுத்தெண்டா சனம் சிரிக்கும். அடுத்த பயணத்துக்கு முதலாளி வேற ஆளப் பார்த்திருவார்."

"சிரிக்கிறவன் சிரிக்கட்டும். நான் ஓட்டோவுக்குச் சொல்றன்."

"வேணாம். கொஞ்சம் படுத்தாச் சரிவரும்."

பகல் முழுக்கப் படுத்தார். பின்னேரம் அஸர் தொழுகைக்கு எழுப்பியபோது நாக்குக் குழறியது. அதன்பிறகு நஸீறா அவரைக் கேட்கவில்லை; ஓட்டோவுக்குச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் விரலை நீட்டிப் பார்க்கச் சொன்னார். வலப்பக்கம் பார்த்தால் கண் வலப்பக்கம் வெட்டியது. இடப்பக்கம் பார்த்தால் இடப்பக்கம். மூக்கைத் தொடப் போன வலது விரல் கன்னத்தில் குத்தியது. மூளையைப் படம் பிடித்தார்கள். சிறுமூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைத்து, அந்த இடம் வீங்கியிருந்தது.

"எப்ப தொடங்கினது?"

"நேத்து, கரை இறங்கின உடன," என்றாள் நஸீறா. "தரை ஆடுறதெண்டு இருந்திட்டம்."

அடைப்பைக் கரைக்கும் மருந்துக்குக் காலம் கடந்திருந்தது. மட்டக்களப்புக்கு அனுப்பி, பிடரி எலும்பைத் திறந்து வீக்கத்துக்கு இடம் விட்டார்கள். உயிர் தங்கியது.

நோன்பும் பெருநாளும் போயின. பொல்லூன்றி நடந்தார். கண் மட்டும் அடங்கவில்லை. எதைப் பார்த்தாலும் அது மேலும் கீழும் துள்ளியது. போட்டின் முதலாளி நஸீம் வந்து, "உங்கட இடம் உங்களுக்குத்தான் காக்கா, ஏலுமெண்டா வாங்க," என்று சொல்லிப் போனார். அந்த "ஏலுமெண்டா" காலிதீனைத் தூங்க விடவில்லை.

ஒரு நாள் காலை றம்ஸீனுடன் துறைமுகத்துக்குப் போய், கட்டிக் கிடந்த போட்டில் ஏறிச் சுக்கானைப் பிடித்தார். துறைமுக வாயில் மண் மேடிட்டிருந்தது. மேட்டுக்கும் அலையைத் தடுக்கும் கல்லணைக்கும் நடுவே ஒடுங்கிய ஆழத்தைப் பிடித்துத்தான் வெளியேற வேண்டும். கல்லணை துள்ளியது. தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நீர் சலனமின்றிக் கிடந்தது.

"துறைமுக வாய் தெரியுதா காக்கா?" றம்ஸீன் கேட்டான்.

"தெரியுது. நிக்குதில்ல."

"இன்னம் கொஞ்ச நாள் பார்ப்பமே."

"உங்க எல்லாரையும் கல்லுல ஏத்திப் பார்க்கவா? நீ பிடி."

சுக்கானை விட்ட கைக்கு வேறு பிடி இல்லை. விழாதிருக்க, றம்ஸீனின் சட்டையைப் பற்றிக்கொண்டார்.