நகராத படகின் உழைப்பு நாள்கள்

நருசே நீரிணையில் நீரோட்டம் மிதிவண்டியின் வேகத்தில் செல்லும். அந்த ஓட்டத்தின் நடுவே ஒரு படகை நிறுத்தி, நிறுத்திய இடத்திலேயே மூன்று மணி நேரம் வைத்திருக்க எங்கள் தீவில் ஒருவரால்தான் முடிந்தது. அவர் இவாமி தொகுஜி. நங்கூரம் போடமாட்டார். பின்புறத்துச் சிறு பாயை விரித்துப் படகின் முனையை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்புவார். நீர் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுக்கு மட்டும் இயந்திரத்தை ஓடவிட்டு, இடக்கையால் சுக்கானையும் வலக்கையால் தூண்டில் கயிற்றையும் பிடித்துக்கொள்வார். கயிறு வளையாமல் நேரே இறங்கும். கீழே, ஓர் அறையின் அகலமே உள்ள பாறை முகட்டில், சங்கரா மீன்கள் கூடியிருக்கும். பத்தடி விலகினால் வெறுங்கடல்.

அந்தப் பாறை எங்கே இருக்கிறதென்று எவரும் அவரைக் கேட்டதில்லை. எங்களிடையே மீன் கிடைக்கும் இடத்தைக் கேட்பது, பிறர் வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்பதற்கு ஒப்பாகும். வேறு படகு அருகே வந்தால் தொகுஜி பாயைச் சுருட்டிப் படகை ஓட்டத்தோடு போகவிட்டு, மேகத்தை ஆராய்பவர்போல் நிற்பார். வந்தவரும் நாகரிகமாக எதிர்க்கரையைப் பார்த்தபடி, ஓரக்கண்ணால் இவரையும் பார்த்துவிட்டுப் போவார். இப்படியே முப்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்தன.

தொகுஜி அதிகம் பேசுபவரல்லர். ஆனால் மீனவர் சங்கக் கூட்டத்தில் மட்டும் ஆண்டுதோறும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுவார். ஆண்டில் தொண்ணூறு நாள் கடலுக்குச் சென்றவரே முழு உறுப்பினர் என்பது எங்கள் சங்க விதி. முழு உறுப்பினர் அல்லாதவருக்கு வாக்கும் இல்லை, நீரிணையில் தூண்டில் போடும் உரிமையும் இல்லை. ஆனால் எத்தனை நாள் சென்றோம் என்பதை அவரவரே எழுதிக் கொடுப்பது வழக்கம். அஞ்சலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற உரகாமி ஆண்டுதோறும் தவறாமல் தொண்ணூற்றைந்து என்று எழுதுவார்.

ஒரு வசந்தகாலக் கூட்டத்தில் தொகுஜி எழுந்து நின்றார்.

"படகுல ஏறினா வாந்தி எடுக்கற மனுஷன் தொண்ணூத்தஞ்சு நாள்னு எழுதறாரு. நாமளும் தலையாட்டுறோம். கை எழுதறத நம்ப வேணாம். எல்லாப் படகுலயும் ஜிபிஎஸ் பெட்டி வையுங்க. அது பொய் சொல்லாது."

கைதட்டல் எழுந்தது. உரகாமியும் தட்டினார். அந்த ஆண்டே ஒவ்வொரு படகின் கூரையிலும் சோற்றுப் பெட்டியின் அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி ஏறியது.

அடுத்த ஜனவரியில் பட்டியல் வெளியாயிற்று. உரகாமிக்கு நூற்று நான்கு நாள்கள். தொகுஜிக்கு முப்பத்தொன்று.

உரகாமி எவரையும் ஏமாற்றவில்லை. தாம் இரண்டு முறைதான் கடலுக்குப் போனதாக நினைவு என்றும், வயதாகிவிட்டதால் மறந்திருக்கலாம் என்றும் அவர் உண்மையான குழப்பத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

சங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்த நொசோமி, பெட்டியைப் பொருத்திய நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசி விளக்கம் பெற்றாள். பெட்டி சில நொடிகளுக்கு ஒருமுறை தான் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள்களிடம் கேட்கிறது. விடை ஒவ்வொரு முறையும் சில அடி பிசகும். விரைந்து செல்லும் படகுக்கு அந்தப் பிசகு பொருட்டல்ல. மிக மெதுவாக நகரும் படகுக்கோ, அது நகர்ந்த தொலைவைவிடப் பிசகே பெரிது. எந்தப் பக்கம் போகிறது என்பதும் தெரியாமல், அலுவலகத் திரையில் படகின் திசைக்குறி பம்பரமாய்ச் சுழலும். ஆகவே ஓர் அளவுக்குக் குறைந்த வேகத்தையெல்லாம் 'நிற்கிறது' என்று எழுதிவிடும்படி பெட்டியைப் பழக்கியிருக்கிறார்கள். அந்த அளவு, வெளிக்கடலில் வலை இழுக்கும் பெரிய படகுகளுக்காக வகுக்கப்பட்டது. இரண்டு மணி நேரமாவது நகர்ந்தால்தான் பெட்டிக்கு அது ஒரு நாள்; தொகுஜி போய்வரும் சிறு நேரம் அதற்குப் போதாது. உரகாமியின் படகோ பனிக்கட்டி ஆலையின் இரும்புச் சுவரை ஒட்டிக் கட்டப்பட்டிருப்பது. சுவரில் பட்டுத் திரும்பும் சமிக்ஞைகளால் அதன் இடம் இங்கும் அங்கும் தாவுகிறது. பெட்டியின் கணக்கில் அந்தப் படகு ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

தொகுஜி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப நான் எவ்வளவு நல்லா நிறுத்தறேனோ, அவ்வளவுக்கு வேலை செய்யலைன்னு அர்த்தம்."

"பெட்டி அப்படித்தான் சொல்லுது, தொகுசான்," என்றாள் நொசோமி. "ஆனா வழி இருக்கு. புள்ளி எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. வரைபடமா அச்சடிச்சு மேல்முறையீடு செஞ்சா நாளைச் சேத்துடுவாங்க. ஒரே ஒரு சங்கடம். ஆட்சேபணை கேட்டு அதை ஏழு நாள் பலகையில ஒட்டணும். விதி அது."

அவர் சுவரிலிருந்த அறிவிப்புப் பலகையைத் திரும்பிப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் கொஞ்சம் பிசகும். ஆனா ஆயிரக்கணக்குல சேர்ந்தா, அதோட நடு பிசகாது. நான் பாத்துட்டேன். மன்னிச்சுக்குங்க."

மேல்முறையீடு செய்யாவிட்டால் ஏப்ரலிலிருந்து நீரிணையில் அவர் தூண்டில் போட முடியாது. செய்தால், பாறை இருக்கும் இடம் அலுவலகச் சுவரில் ஏறும். இரண்டு நாள் அவர் கடலுக்குச் செல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில், நொசோமி அச்சடித்துத் தந்த வரைபடத்தைச் சாப்பாட்டு மேசைமேல் விரித்தார். அவர் மனைவி மிசோ சூப் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினாள்.

"முப்பத்தெட்டு வருஷமா எனக்குச் சொல்லலை," என்றாள். "ஊரு பாக்கறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பாத்துக்கறேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். புள்ளிகள் ஒரு சிறு கறுப்பு மூட்டமாக, நடுவில் அடர்ந்து, விளிம்பில் சிதறிக் கிடந்தன.

"இவ்வளவுதானா? நான் துணி காயப்போடறப்ப தினம் பாக்கற இடந்தானே. நீங்க அங்க சும்மா உக்காந்திருக்கீங்கன்னு நெனச்சேன்."

"பெட்டியும் அப்படித்தான் நெனச்சிருக்கு," என்று சொல்லிவிட்டு அவர் வரைபடத்தைச் சுருட்டினார்.

மேல்முறையீட்டோடு அவர் மற்றொரு தாளும் இணைத்திருந்தார். பெட்டி அவருக்குக் கொடுத்த முப்பத்தொரு நாள்களில் பத்தொன்பது, படகு துறையில் கட்டப்பட்டிருந்த நாள்கள். அவற்றை நீக்கிவிட வேண்டும் என்பது அதன் சாரம். அவ்வாறு நீக்குமாறு உரகாமியிடமிருந்து விண்ணப்பம் எதுவும் வரவில்லை.

எங்கள் அறிவிப்புப் பலகையை எவரும் படித்து நான் கண்டதில்லை. அந்த ஏழு நாளும் அதன்முன் இடமில்லை. வந்தவர்களெல்லாம் பக்கத்தில் தொங்கிய நாள்காட்டியைத்தான் பார்த்தார்கள். பார்த்தபடியே சட்டைப் பைக்குள்ளிருந்த குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்கள். ஆட்சேபணை ஒன்றும் எழவில்லை. நூற்று இருபத்தாறு நாள்கள் என்று முடிவாகி, தொகுஜி முழு உறுப்பினராக நீடித்தார்.

அவருடைய உரிமை உறுதியான மறுநாள் காலையில் பாறைக்கு மேலே ஒன்பது படகுகள் இருந்தன.

அவர்களில் ஒருவருக்கும் படகை அங்கே நிறுத்தத் தெரியவில்லை. ஓட்டம் அவர்களை அடித்துச் சென்றது. இயந்திரத்தை முடுக்கி மேலேறி வந்தார்கள். மீண்டும் அடித்துச் சென்றது. நடுவே தொகுஜி அசையாமல் நின்றால், மேலிருந்து வழுக்கி வரும் படகுகள் அவர்மேல் மோதும். இருமுறை மோதவும் மோதின. இருபுறமும் ஆழ்ந்து வணங்கி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். இயந்திரங்களின் இரைச்சலில் மீன்கள் வேறெங்கோ போய்விட்டன. சில நாள்களில் தொகுஜியும் பாயைச் சுருட்டிவிட்டு, மற்றவர்களைப் போலவே ஓட்டத்தோடு கீழே போவதும் மேலே வருவதுமாக இருந்தார். அவருடைய திசைக்குறி சுழல்வதை நிறுத்தி, நேராகவும் தெளிவாகவும் காட்டத் தொடங்கியது.

அந்த ஆண்டின் பட்டியலில் தொகுஜிக்கே முதலிடம். நூற்று எழுபத்தொரு நாள்கள். கூட்டத்தில் சங்கத் தலைவர் மகியாமா அவருடைய பெயரைப் படித்து, மெல்லிய தாளில் சுற்றிய துவாலை ஒன்றைப் பரிசளித்தார். தொகுஜி இரு கைகளாலும் அதைப் பெற்றுக்கொண்டார்.

"தலைவரே, இதுல மீன் புடிச்ச நாள் நாப்பதுகூட இருக்காது," என்றார். "மத்த நாளெல்லாம் மிதந்தேன். அதையும் எழுதிக்குங்க."

விதி கேட்பது நாள்களைத்தான், மீனை அல்ல என்று மகியாமா கனிவோடு எடுத்துரைத்து, அடுத்த தீர்மானத்துக்குச் சென்றார். பெட்டிகளை மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு வைத்திருக்கலாமா என்பது அது. ஆதரிப்பவர்கள் கை உயர்த்தினார்கள். உரகாமிக்குத் தம் நாள் கணக்கு இவ்வளவு எளிதாக எந்த ஆண்டும் அமைந்ததில்லை. ஆதலால் அவர் இரு கைகளையும் உயர்த்தி, பின் ஒன்றைத் தாழ்த்திக்கொண்டார். எதிர்ப்பவர்கள் என்றதும் உயர்ந்தது ஒரே கை.

தலைவர் தயங்கினார்.

"தொகுசான், ஆதரிக்கறவங்க ஏற்கெனவே தூக்கியாச்சு."

"தெரியும். நான் எதிர்க்கறேன்."

"இதைக் கேட்டதே நீங்கதானே?"

"ஆமா."

நொசோமி குறிப்பேட்டில் 'எதிர்ப்பு: ஒன்று' என்று எழுதினாள். விதிப்படி அங்கே காரணத்தையும் எழுத வேண்டும். பேனாவை நிறுத்தி அவரை நோக்கினாள். அவர் துவாலையை மடியில் வைத்துக்கொண்டு, எதை எழுதினாலும் சம்மதம் என்பதுபோல் தலையை அசைத்தார். அவள் சற்று யோசித்துவிட்டு அந்தக் கட்டத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதினாள்.