ஒரே ஒயரில் கரண்டும் நெட்டும்

ஒரே ஒயரில் கரண்டும் நெட்டும் போகும் என்று சொல்லி விற்பவர் ஒருவர். அது போகாதபோது ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர் இன்னொருவர். செஞ்சி வட்டாரத்தில் அந்த இரண்டாவது ஆள் நான். கேமராவுக்குத் தனி பிளக் பாயின்ட் வேண்டாம், நெட் ஒயரிலேயே கரண்ட் வந்துவிடும். வசதிதான். ஆனால் கரண்ட் கொடுக்கிற பெட்டியும் வாங்கிக்கொள்கிற கருவியும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

இருட்டினால் போய்விடும் படம்

சிங்கவரத்தில் ஏழுமலை ஆடு வளர்த்தார். மகளின் நர்சிங் படிப்புக்கென்று வைத்திருந்த ஆடுகள். பட்டிக்குக் கேமரா மாட்டியது வேறு யாரோ; திருடு போன பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். பதிவைப் போட்டுக் காட்டினார். ஆடுகள் உள்ளே போகின்றன. வெளிச்சம் மங்குகிறது. படம் போகிறது, கொஞ்சம் வருகிறது, திரும்பப் போகிறது. விடிந்ததும் படம் நன்றாகத் தெரிகிறது. பட்டியில் ஒரு கிழட்டு ஆடு மட்டும் நிற்கிறது.

இருட்டினால் கேமரா தன் விளக்கைத் தானே போட்டுக்கொள்ளும். அதற்குக் கூடுதல் கரண்ட் வேண்டும். அவர் வீட்டுப் பெட்டிக்கு அவ்வளவு கொடுக்கத் தெம்பில்லை. கேமரா அணைந்து எழுந்து, விளக்கைப் போட்டு, மறுபடி அணைந்துகொண்டே இருந்திருக்கிறது. இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஏழுமலை சொன்னார்: "பகல்ல ஆட்ட நானே பாத்துக்குவேன் தம்பி. ராத்திரிக்குத்தான் கேமராவ வச்சேன்."

ஓட்டை காலியாக இருந்தது

ஒரு சின்ன ஆஸ்பத்திரி. வாசலுக்குப் புதிதாக ஒரு கேமரா வேண்டும் என்று, பெட்டியில் காலியாக இருந்த ஓட்டையில் யாரோ சொருகிவிட்டார்கள். ஓட்டை இருந்தாலும், பெட்டி மொத்தமாகக் கொடுக்கிற கரண்டுக்கு ஒரு அளவு உண்டு. புதுக் கேமரா வேலை செய்தது. அதே பெட்டியிலிருந்து கரண்ட் வாங்கிக்கொண்டிருந்த மாடி பிரசவ வார்டு போன் செத்தது. அன்றைக்கு வார்டில் ஒரு குழந்தைக்கு முடியாமல் போக, நர்ஸ் ரிசீவரை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டுப் பார்த்து, கடைசியில் படியிறங்கி ஓடியிருக்கிறார். குழந்தையை விழுப்புரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்களாம். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. போனைச் சரிசெய்து கொடுத்தபோது அந்த நர்ஸ் சொன்னார்: "வாசல்ல யாரு வராங்கன்னு நல்லாத் தெரியுதுண்ணா. உள்ள யாரு கூப்டறாங்கன்னுதான் தெரியாமப் போச்சு."

சரியாக உட்கார்ந்தது

தொண்டூரில் வனிதா கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள். மொட்டை மாடியில் ஒரு டிஷ். அதில்தான் நெட் வரும். அந்த டிஷ்ஷுக்குக் கரண்ட் அனுப்புகிற அடாப்டர் இடியில் போய்விட்டது. காலேஜ் அப்ளிகேஷனுக்கு அன்றுதான் கடைசி நாள். அவள் வீட்டுக்காரர் கடையில் கிடைத்த ஒன்றை வாங்கிவந்து மாட்டினார். பழையது இருபத்துநாலு வோல்ட், இது நாற்பத்தெட்டு. எதிரில் இருப்பது தாங்குமா என்று பார்க்காமல் கரண்டைக் கொட்டுகிற ரகம் வேறு.

நான் போனபோது டிஷ்ஷிலிருந்து கருகிய வாடை வந்தது. மாடிப்படியில் சர்டிபிகேட் கவரோடு பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். செஞ்சிக்குப் போய்விடுங்கள் என்றேன். பஸ் கிடைத்துப் போனவர்களில் சிலருக்குத்தான் வேலை முடிந்தது. வனிதா அந்த அடாப்டரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சொருகறப்ப சரியா உக்காந்துச்சேண்ணா. சேராததுன்னா உள்ள போவவே கூடாது இல்ல?"

எல்லாம் ஒத்துப்போன வீடு

மண்டகப்பட்டில் ஒரு ரிட்டயர்டு கண்டக்டர் தனியாக இருக்கிறார். மகன் துபாயில். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஹாலில் கேமரா வைத்திருந்தான். ஒருநாள், "கேமரா போய்ட்டுச்சுண்ணா, நைனா தனியா இருக்காரு, கொஞ்சம் போய்ப் பாருங்க" என்று போன் செய்தான். பெட்டி பழசு, கேமராவோடு சேரவில்லை. மாற்றிக் கொடுத்தேன்.

கொஞ்ச நாளில் மறுபடி போன். போய் ஒயர், முனை, பெட்டி எல்லாவற்றையும் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. பெரியவர் டீ போட்டுக் கொடுத்தார். அதற்கடுத்த முறை, மகன் கூப்பிடுவதற்கு முன்பே, சொல்லாமல் போனேன். கேமரா அதுவரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. கதவு திறந்திருந்தது. அவர் ஸ்டூல் மேல் ஏறி நின்று ஒயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்தும் பதறவில்லை. மெல்ல இறங்கினார். சற்று நேரத்தில் என் போன் அடித்தது. மகன்தான். "திரும்பப் போய்ட்டுச்சே, இன்னா ப்ராப்ளம்ணா?" என்றான். நான் பெரியவரைப் பார்த்தேன். "லூஸ் கான்டாக்ட் தம்பி. அப்பப்ப இப்படித்தான் போவும்" என்று சொல்லி போனை அவரிடம் கொடுத்தேன். "சாப்டியா? அங்க வெயில் இன்னும் இருக்குதா?" என்று வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். போனைத் திருப்பிக் கொடுத்தபோது சொன்னார்: "அது ஓடறப்ப அவன் என்னப் பாக்கறான். நின்னாத்தான் என்கிட்ட பேசறான்."

கருவிக்கும் கருவிக்கும் சேரவில்லையென்றால் மாற்றிக் கொடுத்துவிடலாம், மற்றதற்கெல்லாம் என் பையில் சாமான் இல்லை.