சந்தனம் மணக்கும் வேட்டைச் சட்டை

யோகராசாவின் வேட்டைச் சட்டை புரட்டாதி பிறந்தால் பால்கனிக்குக் குடிபோய்விடும். நோர்வேயில், புருசெத்தில் நாலாம் மாடி வீடு. உள்ளே கொளுவினால் மீன்குழம்பும் தாளித்த வெங்காயமும் துணியில் ஏறிவிடும். எல்க் என்கிற அந்தக் குதிரை உயரத்து மானுக்குக் கண் சுமார்தான், மூக்கோ பொல்லாத மூக்கு. “காற்று உன் முகத்தில் அடிக்கிற மாதிரி உட்கார். சோப்பு வாசம்கூட ஆகாது” என்று ஸ்டைனார் முதல் வருடமே சொல்லிவிட்டார். இருவரும் ஒரே டிப்போவில் பஸ் ஓட்டுகிறவர்கள். யோகராசாவை வேட்டைக் குழுவில் சேர்த்துவிட்டதே ஸ்டைனார்தான்.

யோகராசா இன்னும் ஒரு மானையும் சுட்டதில்லை. அதில் அவருக்குப் பெரிய கவலையும் இல்லை. நாள் முழுக்கப் பஸ்ஸில் சனத்தின் சத்தத்தைக் கேட்ட காதுக்குக் காட்டில் ஒரு மரத்தடியில் அசையாமல் இருப்பதே போதும். அந்த இருப்பை அவர் உயிராக நேசித்தார்.

ஆனால் மனைவி சிறிதேவிக்கு அது பிடிக்கவில்லை. படுக்கையறை மூலையில் துப்பாக்கி பூட்டியிருந்த இரும்பு அலுமாரியை அவள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. “ஊரிலை துவக்கோடை வந்த ஒருத்தரும் எங்களுக்கு நல்லதுக்கு வரேல்லை” என்பாள். வேட்டை நாட்களில் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, அவர் குரல் கேட்கும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டாள். மனைவியை இப்படிப் பட்டினி போட்டு என்ன வேட்டை? இந்த வருடத்தோடு துவக்கை விற்றுவிடுவதாக யோகராசா வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகு அவருக்கு நெஞ்சு கனத்தது.

கடைசி வேட்டைக்கு முதல்நாள் ஆயுதபூசை. சாமித்தட்டுக்கு முன்னால் தையல் மெசினும் பஸ் சாரதிப் பத்திரமும் ஏற்கனவே இருந்தன. சிறிதேவி குங்குமச் சிமிழோடு நின்றாள்.

“இஞ்சாருங்கோ, அதையும் கொண்டுவந்து வையுங்கோ.”

“எதை?”

“துவக்கைத்தான். கடைசி முறை போறியள். சாமி பாத்துக்கொள்ளட்டும்.”

யோகராசா நம்பமாட்டாதவராய் அலுமாரியைத் திறந்தார். ரவைக்குண்டு இல்லை என்று அவளுக்குக் காட்டியபின் பாயில் கிடத்தினார். அவள் கட்டைப்பிடியில் சந்தனம் வைத்தாள், நடுவில் குங்குமம். பிறகு பால்கனிக்குப் போய்ச் சட்டையையும் எடுத்து வந்து, சாம்பிராணிப் புகையை உள்ளும் புறமும் தாராளமாகக் காட்டினாள். கழுத்துப்பட்டிக்கும் ஒரு பொட்டுச் சந்தனம்.

ஒரு மாதக் காற்றாட்டம் அத்தோடு சரி. “வேண்டாம்” என்று சொல்ல யோகராசாவுக்கு வாய் வரவில்லை. இத்தனை காலத்தில் இப்போதுதான் அவள் துவக்கைத் தொட்டிருக்கிறாள்.

விடிய, காரில் ஏறியதுமே ஸ்டைனார் காற்றை மோந்து பார்த்தார். “கோயிலுக்கா போகிறோம்?”

“பெண்சாதி பூசை செய்தவ” என்றார் யோகராசா நொர்வேஜிய மொழியில். ஸ்டைனார் கார்க் கண்ணாடியை இறக்கினார். நல்ல மனிதர்.

மதியத்துக்குச் சற்று முன், காட்டில் அவர் இருந்த மரத்துக்கு எதிரே, தாயும் கன்றுமாய் இரண்டு எல்க் வெட்டவெளிக்கு வந்தன. குழுவுக்கு ஒரு கன்றைச் சுட அனுமதி இருந்தது. துவக்கு தோளில் ஏறியது. கன்று பக்கவாட்டில் நின்றது, சுடத் தோதான தூரம். அந்நேரம் பார்த்துக் காற்றுத் திரும்பி அவருடைய பிடரியைத் தொட்டது. தாய் தலையை உயர்த்தி மூக்கை விரித்தது. புருசெத்துச் சாம்பிராணி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மறுகணம் இரண்டும் இல்லை. யோகராசாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அன்று குழுவில் ஒருவருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. வெறுங்கையோடு வந்தவருக்குச் சிறிதேவி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். மேசையில் அவள் சோறு சாப்பிட்ட கோப்பை கழுவாமல் கிடந்தது. அவர் அதையே பார்த்தார்.

“சாப்பிட்டனியே?”

“ஓம். இண்டைக்குப் பயமா இருக்கேல்லை.” அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். “மான் ஏன் வரேல்லை? நான் பூசினது கொஞ்சமோ, காணாதோ?”

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. யோகராசா அதைத் தேத்தண்ணியோடு விழுங்கினார்.

“காணாது போலைதான் கிடக்கு.”

“அப்ப விக்கவேண்டாம். வாற வருசம் வடிவாப் பூசிவிடுறன்.”

“ஓம், பூசு” என்றவர், சட்டையைக் கழற்றிப் பால்கனிக்குக் கொண்டுபோகாமல் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் கொளுவினார்.