மூன்றாம் நம்பர் கேபினில் அழிக்காத வரி

எங்கள் மரக்காணத்து பிரவுசிங் சென்டரில் யாரும் மெயிலை மூடிவிட்டு எழுந்திருப்பதில்லை. போட்டது போட்டபடி போய்விடுகிறார்கள். அடுத்து உட்காருகிறவர் சாவகாசமாகப் படிக்கிறார். நல்ல சேதியாக இருந்தால் அந்த வீட்டுக்கே போய்ச் சொல்லியும் விடுகிறார். மறந்து தொலைக்கிறார்களே என்று, சென்டர் நடத்தும் செல்வம் ஊரார் பாஸ்வேர்டையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி மேசைமேல் வைத்திருக்கிறான். மூன்று வருடம் குவைத்தில் இருந்துவிட்டு வந்த நான் இதைப் பார்த்ததும் அந்த நோட்டைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். ஏனென்றால் ஒரு பொதுக் கம்ப்யூட்டரில் நான் அழிக்காமல் விட்ட ஒரே ஒரு வரிதான் என்னை அங்கிருந்து கப்பலேற்றியது.

அங்கே ஒரு கிடங்கில் வேலை. நாலு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். மூன்று வருடமாக லீவு கேட்டுக் கெஞ்சினேன். நான் கிளம்பியபின் பிறந்த என் மகள் ஜெனியை போட்டோவில்தான் பார்த்திருந்தேன். வெறுத்துப்போய், வருடா வருடம் ஊருக்கு அனுப்புகிற கம்பெனி எதுவென்று ஒரு மதியம் தேடினேன். யாரோ வரும் சத்தம் கேட்டு விண்டோவை மூடினேன். மூடினால் போயிற்று என்றுதான் நினைத்தேன். மழையில் கரைந்த உப்பு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தண்ணீரில்தான் இருக்கும், வெயில் ஏறினால் பாத்தியில் திரும்ப வந்து நிற்கும். உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதுகூடவா தெரியாது? தெரிந்தும் ஏமாந்தேன், மடையன்.

மறுநாள் மேனேஜர் வேறெதையோ தேட ஒரு எழுத்தைத் தட்ட, என் வரி அப்படியே கீழே விழுந்திருக்கிறது. கூப்பிட்டு, "யூ வான்ட் கோ ஹோம்?" என்றார். லீவு கிடைத்துவிட்டது என்று பூரித்துப்போய், "யெஸ் சார், தேங்க்யூ சார், மை டாட்டர் சார்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இரண்டு நாளில் விசா கேன்சல். இனி அந்த நாட்டுக்குள் நுழையவும் முடியாது.

ஊருக்கு வந்த மறுவாரம், அங்கே பாக்கி நின்ற சம்பளத்துக்கு யாரைக் கேட்பது என்று பார்க்க, செல்வத்தின் சென்டரில் மூன்றாம் நம்பர் கேபினில் உட்கார்ந்து குவைத்தின் முதல் எழுத்தைத் தட்டினேன். ஒரு வரி கீழே விழுந்தது: குவைத்தில் வீட்டு வேலைக்கு விசா. நான் தேடியது இல்லை.

"அது அக்கா தேடுனதுண்ணா," என்றான் செல்வம். "ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சதும் வந்து இதே சீட்லதான் குந்துவாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

வீட்டுக்குப் போய்க் கேட்டபோது என் மனைவி ஸ்டெல்லா மறைக்கவில்லை. "உங்களுக்குத்தான் லீவே குடுக்கலயே. நான் அங்க வந்துட்டா வெள்ளிக்கெழம லீவுலயாச்சும் உங்க மூஞ்சப் பாக்கலாம்னு நெனச்சேன்," என்றாள். கோட்டக்குப்பத்து ஏஜென்ட்டிடம் பணம், பாஸ்போர்ட் எல்லாம் கொடுத்து முடித்திருந்தாள். நான் வந்த மறுமாதம் விசா வந்துவிட்டது. அது மழைக்காலம், உப்பளத்தில் வேலை இல்லை. எனக்கு வேறு வழியும் தெரியவில்லை. "ஜெனிக்குத்தான் இப்ப அப்பா இருக்கீங்களே, நான் போயிட்டு வர்றேன்," என்றாள். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கிளம்பும் முன் அவளை அதே கேபினில் உட்காரவைத்து, ஹிஸ்டரியை எங்கே போய் அழிப்பது, மெயிலை விட்டு எப்படி வெளியே வருவது என்று சொல்லிக்கொடுத்தேன். ஜெபம் மனப்பாடம் பண்ணுவதுபோல் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அங்கே போனபின் அந்த வீட்டுப் பிள்ளைகளின் கம்ப்யூட்டரில், எஜமானி மதியம் தூங்கும் நேரத்தில் எழுதுவாள். கடைசியாக வந்தது இது: "என்னால முடியலங்க. பாஸ்போர்ட்ட குடுக்க மாட்டேன்றாங்க. எப்படியாச்சும் கூப்பிட்டுக்குங்க."

ஐந்து வாரம் ஆகிறது. அதன்பின் ஒரு எழுத்துகூட இல்லை. அன்றைக்கு அழித்தாளா, அவசரத்தில் மறந்தாளா? யார் கண்ணில் பட்டதோ? போன் பேச அவளுக்கு அனுமதி கிடையாது. பதில் எழுதினால் அதை யார் திறப்பார்களோ என்று பயந்து, "ஜெனி நல்லா இருக்கா" என்று மட்டும் தினமும் எழுதுகிறேன். ஏஜென்ட் ஊரிலேயே இல்லையாம். தூதரகத்துக்கு எழுதியிருக்கிறேன், பார்க்கிறோம் என்று பதில் வந்தது. வெளிநாட்டில் இதைப் படிக்கிற நம் ஊர்ப் பெண்களே, ஆண்களே, எழுந்திருக்கும் முன் அழித்துவிடுங்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.

நான் மட்டும் அழிப்பதில்லை. இப்போது மூன்றாம் நம்பர் கேபினில் அந்த எழுத்தைத் தட்டினால் இரண்டு வரி விழுகிறது. மேலே அவளுடையது. கீழே என்னுடையது: குவைத்திலிருந்து மனைவியை அழைத்து வருவது எப்படி.

நேற்று செல்வம் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அண்ணா, ரெண்டையும் அழிச்சிடட்டா? வர்றவன் போறவன்லாம் படிக்கிறான்."

"படிக்கட்டும்பா. கைய வெக்காத," என்றேன். நான் குவைத்துக்குப் போன நாளிலிருந்து நானும் அவளும் சேர்ந்து இருந்தது ஒரே ஒரு மாதம். இப்போது சேர்ந்து இருப்பது அந்த எழுத்துக்குக் கீழே மட்டும்தான்.