புளியமரம் இல்லாத மேப்

மேப்பும் கைடு புக்கும் பார்த்து, நெடுந்தூரம் நடக்கிறவங்களுக்கு வழி போட்டுக் கொடுக்கிறது என் தொழில். அவங்க கால் வலிக்கிறப்போ திட்டு வாங்குறதும் அதுல சேர்த்திதான். மேப்பை நம்பிப் போய் யார் வீட்டுக் கொல்லையிலோ முழிச்சுக்கிட்டு நின்னிருக்கீங்களா? அப்போ நீங்களும் நம்ம ஆளுதான்.

வெறுங்கால்

நகரியில தறி ஓட்டுற தேசம்மா, மகளுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுக்காக, புரட்டாசியில திருமலைக்கு நடக்கிறதா வேண்டிக்கிட்டாங்க. செருப்பு கிடையாது. வழியில வண்டியில கால் வைக்கக் கூடாது. வெச்சா மறுபடி வீட்டு வாசல்லயிருந்து ஆரம்பிக்கணும். அதுக்கு முதலாளி இன்னொரு தடவை லீவு தரமாட்டார்.

நான் ஷூ போட்ட ட்ரெக்கிங் பசங்களுக்கு வழி போட்டே பழகினவன். தார் ரோட்டு மேல நேரா ஒரு சிவப்புக் கோடு இழுத்து, பெருமையா நீட்டினேன். தேசம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க.

"எல்லாம் போட்டுக்கீற நைனா, நெழலுக்குப் புளியமரம் எங்கெங்க கீதுன்னு போடலியே?"

வற்றாத ஓடை

வழிகாட்ட நானும் கூடவே நடந்தேன். புத்தூர் தாண்டினதும் வருஷம் பூரா தண்ணி ஓடுற ஓடைன்னு கைடு புக்குல இருந்துச்சு. போய்ப் பார்த்தா மணல்ல ரெண்டு ஆடு படுத்து அசை போடுது. எழுதின புண்ணியவான் மழையில வந்திருப்பார் போல! துணைக்கு வந்த தேசம்மாவின் தம்பி முனுசாமி, காலி பாட்டிலோட நின்னு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீள்ளு எக்கட சார்? புக்கைப் பிழிஞ்சா தண்ணி வருமா?"

குறுக்குவழி

வடமாலபேட்டைக்கு அப்புறம் மேப்புல ஒரு குறுக்குப்பாதை. அப்பவாவது சும்மா இருந்தேனா? எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போனேன். பாதை ஒரு மாந்தோப்பு வேலியில போய் முட்டிக்கிச்சு. கேட்டுல பூட்டு. வந்த வழியே திரும்பி நடந்தோம். தேசம்மாவுக்குப் பாதம் கொப்பளிச்சு, நொண்ட ஆரம்பிச்சாங்க. பின்னாடியே வந்த டிராக்டர்காரர் பாவப்பட்டு நிறுத்தி, "எக்கண்டம்மா"ன்னு ஏறச் சொன்னார். ஏறினாங்கன்னா வேண்டுதல் போச்சு, அதுவும் என்னால. தேசம்மா டிராக்டரைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, தோள்மூட்டையை மட்டும் தூக்கி வண்டியில வெச்சாங்க.

"மூட்டைக்கு வேண்டுதல் இல்ல, மெயின் ரோட்டு டீக்கடையில எறக்கிடுங்க. நைனா, நீ உன் மேப்பையும் அதுலயே போட்டுடு!"

மேலே

நொண்டி நொண்டியே அலிபிரிப் படியும் ஏறிட்டாங்க. தரிசனம் முடிஞ்சு வெளியே வந்தவங்ககிட்ட, நான் கையைப் பிசைஞ்சுக்கிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவங்களுக்குச் சிரிப்பு தாங்கல.

"அடுத்த வருசமும் நீயே வா நைனா, நீ சுத்த வுட்டதுல எனக்கு டபுள் புண்ணியம்!"

அன்னிலேர்ந்து நான் போடுற மேப்புல முதல்ல புளியமரம், அப்புறம் டீக்கடை, கடைசியா இடம் மிச்சமிருந்தா ரோடு.